தை அறுவடைக்குள் ஆலை ஓட வேண்டும்

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கத்தில் அரிசி ஆலை நடத்துபவர்களுக்கு ஆண்டின் பெரிய ஆபத்தும் பெரிய வரவும் அடுத்தடுத்து வருகின்றன. கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும். தையிலிருந்து பங்குனி வரை காலபோக (மாரிகால நெல்) அறுவடை. ஆண்டு முழுவதும் எங்களுக்குச் சோறு போடுவது அந்த அறுவடைதான். மார்கழியில் வெள்ளம் வந்தால் நட்டம் மார்கழியோடு முடிவதில்லை. தை பிறந்த பிறகும் ஆலை ஓடாமல் கிடந்தால், விவசாயி வேறு வழியில்லாமல் வயல் வரம்பிலேயே வெளியூர் லொறிக்காரருக்கு வந்த விலைக்கு நெல்லைக் கொடுத்துவிடுகிறார். அந்த நெல் பிறகு எங்கள் வாசலுக்கு வராது. அதனால் எங்கள் ஆலையின் அனர்த்தத் திட்டம் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: எந்த வேலையை எத்தனை நாளுக்கு நிறுத்தி வைக்கலாம்?

பெரிய நிறுவனங்கள் இதை வணிகத் தொடர்ச்சித் திட்டம் என்கின்றன. 2012 இல் வெளியாகி 2019 இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரமும் அதற்கு இருக்கிறது. எந்த வேலை நின்றால் தாங்காது, எவ்வளவு காலம் தாங்கும், திரும்பத் தொடங்க என்னென்ன வேண்டும், எழுதி வைத்ததை ஒத்திகை பார்த்தாயிற்றா என்பவைதான் அதன் அடிப்படை. ஒரு சில பேர் வேலை செய்யும் ஆலைக்கும் இந்தக் கேள்விகள் அப்படியே பொருந்தும். வன்னியில் இதைப் பற்றி யாருக்கும் புதிதாகப் பயமுறுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். 2006 ஆகஸ்டில் முகமாலையில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டதையும், 2009 இல் முடிந்த போரையும், 2018 வெள்ளத்தையும், 2020 ஊரடங்கையும், 2022 எரிபொருள் வரிசையையும் ஒரே தலைமுறை பார்த்திருக்கிறது. தாக்குப்பிடிக்கும் பழக்கம் எங்களிடம் நிறைய உண்டு. அதைத் தாளில் எழுதி, நாம் இல்லாதபோதும் இன்னொருவர் எடுத்துச் செய்யும்படி வைக்கும் பழக்கம்தான் குறைவு.

எங்கள் ஆலையில் பலவகை வேலை நடக்கிறது. அயல் வீடுகளிலிருந்து வரும் ஒன்றிரண்டு மூடை நெல்லைக் கூலிக்குக் குற்றிக் கொடுக்கிறோம். விவசாயிகளிடம் நெல் வாங்கி, அவித்துக் குற்றி, யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் அனுப்புகிறோம். மாவும் மிளகாய்த் தூளும் அரைக்கிறோம். தவிடு, குறுணை கோழிப் பண்ணைகளுக்குப் போகின்றன. வருமானக் கணக்கில் இரண்டாவதுதான் முதலிடம். ஆனால் ஆலை நின்று போனால் நாங்கள் முதலில் தொடங்குவது கூலிக்குக் குற்றுவதை.

இந்த முடிவுக்கு வர வீட்டிலேயே நீண்ட நேரம் விவாதித்தோம். தங்கைதான் அதை உறுதியாகச் சொன்னாள். வெள்ளம் வடிந்ததும் ஒரு வீட்டில் எஞ்சியிருப்பது பரணில் ஏற்றி வைத்த ஒரு மூடை நெல்லாக இருக்கும். அதைக் குற்றினால்தான் அடுப்பு எரியும். அந்த நேரத்தில் "ஆலை திறக்கவில்லை, பிறகு வாருங்கள்" என்று சொன்னால், அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கும். அறுவடை நெல்லையும் பிறகு எங்களிடம் கொண்டுவராது. இன்னொரு காரணமும் இருக்கிறது. கூலிக்குக் குற்றும் சிறிய இயந்திரத்துக்கு மும்முனை மின்சாரம்கூடத் தேவையில்லை. லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தில் பெல்ட் மாட்டி ஓட்டலாம். மிகக் குறைந்த வசதியில் எதைத் தொடங்க முடியுமோ, அதையும் மக்களுக்கு உடனே தேவையானதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முதல் வேலையைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் தாளில் அதற்கு மூன்று நாள் எல்லை போட்டிருக்கிறது. வெளியூருக்கு அரிசி அனுப்புவதற்கு மூன்று வாரம். மிளகாய்த் தூள் பொறுத்திருக்கலாம்.

2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மறக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன; கனகராயன் ஆற்றின் இரு பக்கமும் வெள்ளம் பரந்தது; பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் தண்ணீருக்குள் போயின. ஆலைக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் எதைத் தூக்குவது என்ற வாக்குவாதம் எழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் வரிசை இருந்தது: கணக்குப் பெட்டி, சிறிய மோட்டார்கள், உமி நீக்கும் றப்பர் றோலர்களும் பெல்ட்டுகளும் உள்ள உதிரிப்பாகப் பெட்டி, விதைநெல், அதற்குப் பிறகுதான் அரிசி மூடைகள்.

ஆபத்து நேரத்தில் எல்லாருடைய கையும் மூடைப் பக்கம்தான் போகும். அது சாப்பாடு, அது காசு, அதை நனைய விட மனம் வராது. ஆனால் ஒரு சில மூடைகளைப் பரணில் ஏற்றும் நேரத்தில் ஒரு மோட்டாரின் நான்கு ஆணிகளையும் கழற்றிச் சங்கிலிக் கப்பியால் மேலே தூக்கிவிடலாம். அரிசியை வேறு இடத்தில் வாங்கலாம். மோட்டாரும் றோலரும் கொழும்பிலிருந்து வர வேண்டும். பாதை உடைந்திருந்தால் அவை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனம் பதறும் நேரத்தில் சரியான முடிவை எடுப்பேன் என்று யாரும் தங்களை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். முடிவை ஐப்பசியிலேயே எடுத்து எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அடித்தளத்தோடு பூட்டிய பெரிய மோட்டாரை எங்களால் தூக்க முடியாது. அதற்கு எழுதியிருந்தது ஒரே வரி: பிரதான மின் ஆளியை (சுவிட்சை) நிறுத்து, விட்டுவிடு. தண்ணீர் வடிந்த பிறகு அதன் இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்தது. மெக்கானிக் அண்ணை அதை முழுவதும் பிரித்தார். சுருள்களை நல்ல தண்ணீரால் சேறு போகக் கழுவினார். தகரத்தால் ஒரு பெட்டி போல அடைத்து, சிறிய மின்பிறப்பாக்கியில் பெரிய மின்குமிழ்களை எரியவிட்டு அந்தச் சூட்டில் காயவைத்தார். பெயாரிங்குகளைக் கழற்றி வீசிவிட்டுப் புதியவற்றைப் போட்டார். பிறகு மெகர் கருவியால் காப்புத் தடையை அளந்தார். அது ஒரு மெகா ஓமுக்கு மேலே ஏறி நிலையாக நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

முள் ஏறவில்லை. "தம்பி, இன்னும் ஒரு இரவு குமிழ் எரியட்டும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நெல் மூடையோடு வாசலில் நின்றவர்களிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே கொஞ்சம் காய்ந்ததும் ஆளியைப் போட்டுவிடும் ஆலைகளும் உண்டு. உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் சுருள் எரிந்துபோகும். தொட்டவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை. தை அறுவடைக்குள் அந்த மோட்டார் ஓடியதற்கு அண்ணையின் பொறுமை ஒன்றே காரணம் என்று இன்றும் நம்புகிறேன். வெள்ளம் நின்ற மட்டத்தைச் சுவரில் சிவப்புப் பெயின்றால் கீறி வைத்திருக்கிறோம். இப்போது ஆளிப் பலகை, உதிரிப்பாக அலுமாரி, மேசை லாச்சி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான்.

நனைந்த நெல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் அடியில் கிடந்த மூடைகள்தான் நனையும், மேலே உள்ளவை பிழைக்கும். தண்ணீர் வடிந்த உடனேயே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். ஈர நெல் மூடைக்குள்ளேயே சூடேறி, முளைவிட்டு, பக்கத்து மூடையையும் கெடுக்கும். மழை ஈரம் மட்டும் பட்ட நெல்லைத் தளத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து 14 சதவீத ஈரப்பதத்துக்கு இறக்கலாம். வெள்ளச் சேறு ஊறிய நெல்லை மனிதர் உண்ணும் அரிசியோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. மலசலகூடக் குழிகளும் கலந்த தண்ணீர் அது. அந்த மூடைகளை நாங்கள் கிராம அலுவலருக்குக் காட்டி, படம் எடுத்து, அப்புறப்படுத்தினோம். உமியும் அப்படித்தான் கவனிக்கப்பட வேண்டியது. நெல் அவிப்பதற்கு எங்களுக்கு எரிபொருளே உமிதான். உமிக் கும்பம் நனைந்தால் மோட்டார் நன்றாக இருந்தும் பயனில்லை. உயர்த்திய சீமெந்துத் தளத்தில், தறப்பாள் போர்த்து, ஒரு வாரத்துக்குப் போதுமான உமி எப்போதும் தனியாக இருக்கிறது.

இயந்திரத்தைவிடவும் முதலில் கணக்குப் பெட்டியை எழுதியிருப்பதற்குக் காரணம் அப்பா. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டுச் சனம் கிழக்கே நகர்ந்தபோது அவர் ஆலையில் எதையும் கழற்றவில்லை. காணி உறுதியையும், வியாபாரப் பதிவுச் சான்றிதழையும், ஆலையின் பற்றுவரவுக் கொப்பியையும் பொலித்தீனில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாகக் கைவிட்டு நடந்தபோதும் அது அவரோடு இருந்தது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலும் தலைமாட்டில் இருந்தது. அந்தக் கொப்பியில் ஆலைக்கு வரவேண்டிய கடன்களைவிட, எங்கள் களஞ்சியத்தில் விவசாயிகள் வைத்திருந்த நெல்லின் கணக்குத்தான் அதிகம். பெயர், மூடை, தேதி.

மீள்குடியேறியபோது ஆலைக்குக் கூரை இல்லை, உள்ளே ஒரு இரும்பும் இல்லை. அப்பா முதலில் செய்த வேலை அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது. "உங்களுடைய இவ்வளவு மூடை எங்களிடம் இருந்தது, ஆலை ஓடியதும் அரிசியாகத் தருவேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சில பெயர்களுக்கு உரியவர்கள் இல்லை. பிள்ளைகளோ சகோதரர்களோ இருந்தார்கள். சில வீடுகளில் எவருமே இல்லை. அந்தப் பெயர்களை அவர் வெட்டவில்லை. பழைய இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு வாங்கி ஆலை தொடங்கியபோது, முதலில் நெல்லோடு வந்தவர்கள் அந்தக் கொப்பியில் இருந்தவர்கள்தான். அப்போது எங்களிடம் மூலதனம் என்று சொல்ல இருந்தது அவர்களுடைய நம்பிக்கை ஒன்றுதான். அதைச் சுமந்து வந்தது அந்தத் தாள்கள்.

இப்போது அதே வேலையைக் கைத்தொலைபேசியும் செய்கிறது. ஆலை பூட்டும்போது அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து வவுனியாவில் இருக்கும் தங்கைக்கும், இன்னொரு உறவினருக்கும் அனுப்பிவிடுகிறோம். கொப்பி தொலைந்தாலும் ஒரு நாள் கணக்குக்கு மேல் தொலையக் கூடாது என்பது விதி. உறுதி, பதிவுச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஊழியர்களின் சேமலாப நிதி விபரம் ஆகியவற்றின் பிரதிகளும் அங்கே இருக்கின்றன. இதற்குச் செலவே இல்லை. இன்றைக்கே தொடங்கக் கூடிய ஒரு வேலை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மாற்று ஆலை ஏற்பாட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பக்கத்து ஆலைக்காரரோடு பேசி வைத்திருக்கிறோம் என்பார்கள். பக்கத்து ஆலையும் அதே ஆற்றங்கரையில், அதே மின்மாற்றியில், அதே பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பேச்சில் பயனில்லை. எங்களுக்கு ஒன்று விழுந்தால் அவர்களுக்கும் அதே நாளில் விழும். நாங்கள் மாங்குளம் பக்கத்தில் ஒரு ஆலையோடு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். அவர்களுடைய இயந்திரம் பழுதானால் எங்களுடையதில் இரவு முறை. எங்களுக்கு வெள்ளம் வந்தால் அவர்களுடையதில் இரவு முறை. கூலி எவ்வளவு, தவிடு யாருக்கு, உடைந்த அரிசிக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் அமைதியான காலத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நட்பு கெடாமல் இருப்பதற்கே அந்த எழுத்து.

நெல் வாங்கும் இடத்துக்கும் இதே கணக்குத்தான். கண்டாவளை வயல்கள் மூழ்கினால் ஆலை நன்றாக இருந்தும் குற்றுவதற்கு நெல் இருக்காது. அதனால் இரணைமடுவின் கீழ் மட்டும் வாங்குவதில்லை. பேராற்றுத் தண்ணீரில் விளையும் முத்தையன்கட்டு, பாலியாற்றுத் தண்ணீரில் விளையும் வவுனிக்குளம், அருவியாற்றை நம்பியிருக்கும் மன்னார்க் கட்டுக்கரை என்று வெவ்வேறு ஆறுகளின் கீழ் உள்ள கமக்காரர் அமைப்புகளோடு ஒவ்வொரு போகமும் கொஞ்சமாவது கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறோம். போக்குவரத்துச் செலவு கூடும், இலாபம் குறையும். ஆனால் தெரியாத முகமாக ஆபத்து நேரத்தில் போய் நின்றால் யாரும் கடனுக்கு நெல் தரமாட்டார்கள்.

இனி ஆட்கள். எந்தத் திட்டத்திலும் எல்லோரும் மறப்பது இதுதான்: ஆலை மூழ்கும் நாளில் ஊழியர்களின் வீடுகளும் மூழ்கும். எங்கள் தளத்தில் நெல் காயவைக்கும் அக்காமார்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். அவர்கள் கூரையைப் பார்ப்பார்களா, எங்கள் நெல்லைப் பார்ப்பார்களா? எங்கள் தாளில் வெள்ளம் வடிந்த முதல் நாளுக்கு எழுதியிருக்கும் வேலை ஆலையைக் கழுவுவது இல்லை. ஒவ்வொரு ஊழியர் வீட்டுக்கும் போய் ஆள் நலமா என்று பார்த்து, அரிசியும் ஒரு வாரச் சம்பளமும் கொடுத்து வருவது. அதற்கான காசு சிறிய தாள்களாகத் தனியாக இருக்கிறது, ஏனென்றால் மின்சாரம் இல்லாத நாளில் வங்கி இயந்திரமும் வேலை செய்யாது. கோபுரங்கள் நின்றால் தொலைபேசியும் இல்லை. அதனால் யார் யாருடைய வீட்டுக்குச் சைக்கிளில் போய்ச் சொல்வது என்று பட்டியல் இருக்கிறது. எனக்கு ஏதாவது நேர்ந்தால் முடிவெடுப்பது தங்கை. அவளையும் எட்ட முடியாவிட்டால் மெக்கானிக் அண்ணை. யாரையும் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற தொகையும் அவர் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எல்லோருடைய பட்டியலிலும் முதல் வரி.

2020 மார்ச் 20 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆட்களும் லொறியும் அசைய முடியவில்லை. அனுமதிப் பத்திரத்துக்கு வியாபாரப் பதிவு, வாகன இலக்கம், சாரதியின் அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள். தங்கையிடம் பிரதிகள் இருந்ததால் நாங்கள் விரைவாகக் கொடுத்தோம். 2022 வேறு மாதிரி. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. நெல்லை அவிப்பதற்கு உமி போதும், குற்றுவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். பகலில் அவித்துக் காயவைத்து அடுக்கி வைப்பது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் வரும் நேரம் நள்ளிரவானாலும் குற்றுவது. அட்டவணை தெரியாத நாளில் ஒரு பிடி நெல்லைக்கூடப் புதிதாக ஊறப்போடுவதில்லை. ஊறிய நெல்லை உரிய நேரத்தில் அவிக்காவிட்டால் புளித்த மணம் ஏறிவிடும், அந்த மணம் சோற்றிலும் போகாது. கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்காக எரிபொருள் வாங்கும் முறை வந்தபோது லொறிக்கு வாரம் 50 லீற்றர்தான். யாழ்ப்பாணத்துக்கு அரிசி கொண்டுபோகும் லொறி வெறுமையாகத் திரும்பாமல், வேறு வியாபாரிகளின் சாமான்களை ஏற்றி வரும்படி பங்கு போட்டுக்கொண்டோம். அந்தப் பங்கு ஏற்பாடு இன்னும் தொடர்கிறது.

காப்புறுதி எடுத்திருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். தீக்காப்புறுதி என்றால் வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளம், சூறாவளி ஆகியவற்றை மேலதிகக் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இயந்திரங்களின் தொடர் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து வைத்திருங்கள். வெள்ளத்துக்குப் பின் சுத்தம் செய்வதற்கு முன்னும் படம் எடுங்கள். வங்கிக் கடன் இருப்பவர்கள் தவணை தவறும் வரை காத்திருக்காமல் முதல் வாரமே எழுத்தில் அறிவித்துச் சலுகைக் காலம் கேட்க வேண்டும். 2020 இல் மத்திய வங்கி கடன் சலுகையும் குறைந்த வட்டிக் கடனும் அறிவித்தபோது, கணக்கும் பதிவும் ஒழுங்காக இருந்தவர்களுக்குத்தான் விண்ணப்பம் எளிதாக இருந்தது.

ஒத்திகையை ஐப்பசியில் வைத்துக்கொள்கிறோம். பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, லாண்ட்மாஸ்டரில் பெல்ட் மாட்டி ஒரு மூடை குற்றிப் பார்ப்போம். ஒரு மோட்டாரையாவது கப்பியால் தூக்கி இறக்குவோம். களஞ்சியச் சாவி யாரிடம் இருக்கிறது, கப்பியின் கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அன்று எல்லோருக்கும் ஆலையில் சாப்பாடு.

இந்த முறை பேச்சில் இருப்பது பெரிய மின்பிறப்பாக்கி ஒன்று. தனி ஆலைக்கு அந்த விலை தாங்காது. இந்தப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து வாங்கி, வெள்ளம் ஏறாத மேட்டுக் காணியில் இழுவைப்பெட்டியின் மேல் நிறுத்தி வைப்பதற்கு எல்லோரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் அது முதலில் எந்த ஆலைக்குப் போவது என்பதில்தான் இன்னும் இணக்கம் வரவில்லை. கூலிக்குக் குற்றும் ஆலைக்கே முதலில் போக வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். மழை தொடங்குவதற்குள் இன்னொரு முறை கூடிப் பேசுவதாக இருக்கிறோம்.